செய்தியின் வேஷம் – 7: மஞ்சள் மாத்திரை

1991-ஆம் ஆண்டு வளைகுடா யுத்தம் மூண்டபோது பி.பி.சி.யின் நான்காம் வானொலி தன் பண்பலை வரிசையை யுத்தச் செய்திக்கென்றே ஒப்புக்கொடுத்ததையும், சொல்ல விஷயமில்லாத நாழிகையிலும் அங்கே பேச்சு மட்டும் ஓயாமல் நடந்ததையும், அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அதே வானொலியில் அர்மாண்டோ இயனூச்சியும் கிறிஸ் மாரிஸும் கூடி ‘ஆன் தி அவர்’ என்ற போலிச் செய்தி நிகழ்ச்சியைத் தொடங்கியதையும், 1994 ஜனவரி 19-ஆம் தேதி அது ‘தி டே டுடே’ என்ற பெயருடன் தொலைக்காட்சியில் அரங்கேறியதையும் இதுவரை கண்டோம்.

ஆறே வாரம் நடந்த அந்த நிகழ்ச்சியில், வாசகர்கள் மறவாமல் மனத்தில் வைத்திருக்க வேண்டிய காட்சி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவும் ஹாங்காங்கும் ஒரு வர்த்தக உடன்படிக்கை செய்துகொண்ட நல்ல நாளில், இரு தரப்புப் பிரதிநிதிகளையும் நேரலையில் அழைத்து, இருவரையும் மாறி மாறிச் சீண்டி, சில நிமிஷங்களில் இரு தேசங்களுக்கும் இடையே யுத்தமே மூளும்படி செய்துவிடுகிறார் செய்தி வாசிப்பாளர். மூண்டது என்று அறிந்ததும் அவர் முகத்தில் தோன்றுவது துக்கமன்று, பரம திருப்தி.

ஆனால் அந்தப் பிரதிநிதிகள் நடிகர்கள். அந்த யுத்தம் அரங்கத்துக்குள் மூண்டு அரங்கத்துக்குள்ளேயே அடங்கியது. தெருவில் போகிறவர்களை நிறுத்தி அர்த்தமற்ற கேள்விகளைக் கேட்ட சிறு பகுதி ஒன்றைத் தவிர, ‘தி டே டுடே’ நிகழ்ச்சியில் மெய்யாகவே ஏமாந்தவர் என்று ஒருவரும் இல்லை.

அந்த எல்லையை மாரிஸ் தாண்டிய கதைதான் இந்த வாரத்துக் கதை.

*

சானல் ஃபோரின் வாசலில்

கூட்டாளிகள் தத்தம் வழியே பிரிந்த பின்பு மாரிஸ் தனியாக ஒரு மாதிரி நிகழ்ச்சியைத் தயாரித்துப் பி.பி.சி.க்குக் காட்டினார். பி.பி.சி. அதை ஏற்கவில்லை. ஏற்றது சானல் ஃபோர். 1982-இல் தொடங்கிய நாளிலிருந்தே, மற்றவர் செய்யாததைச் செய்ய வேண்டும் என்று சட்டமே கடமை விதித்திருந்த நிறுவனம் அது. 1988 முதல் அதன் தலைமை நிர்வாகியாக இருந்தவர் மைக்கேல் கிரேட். டாக்பேக் கம்பெனி தயாரிக்க, மைக்கேல் கமிங் இயக்க, ‘பிராஸ் ஐ’ என்ற பெயரில் ஆறு பகுதிகள் ஏற்பாடாயின.

முந்தைய நிகழ்ச்சி தினசரிச் செய்தியைப் போல் வேஷம் தரித்தது. இதுவோ, வாரம் ஒரு சமூகப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, புருவத்தை நெரித்து, தேசமே நாளை அழிந்துவிடும் என்கிற பதற்றத்தோடு ஆராயும் நடப்பு விவகார நிகழ்ச்சியைப் போல் வேஷம் தரித்தது. விலங்குகள், போதைப்பொருள், விஞ்ஞானம், பாலுறவு, குற்றம், சீரழிவு என்பன ஆறு பகுதிகளின் பொருள்கள்.

அவ்விதமான மெய் நிகழ்ச்சிகளில் வழக்கமாக ஓர் அங்கம் இருந்தது. பாடகரோ, விகட நடிகரோ, பாராளுமன்ற உறுப்பினரோ காமிராவின் முன்னே வந்து நின்று, நேராக நம் கண்ணைப் பார்த்து, இன்ன தீமையை ஒழிக்க எல்லோரும் கைகோக்க வேண்டும் என்று உருக்கமாக வேண்டிக்கொள்வார். அந்தத் தீமையைப் பற்றி அவர் அறிந்தது என்ன என்று கேட்பாரில்லை. அவர் முகம் தெரிந்த முகம். தெரிந்த முகம் சொன்னால் அது தெரிந்த விஷயமாகிவிடுகிறது.

மாரிஸின் கூர்மை இந்த இடத்தில்தான் போய்க் குத்திட்டு நின்றது. நடிகரை வைத்துப் பிரமுகரைப் போல் நடிக்கச் செய்வதற்குப் பதிலாக, மெய்யான பிரமுகரையே அழைத்து வந்து, இல்லாத ஒரு தீமையைக் கொடுத்து, அதை எதிர்த்துப் பேசச் சொன்னால் என்ன ஆகும்?

*

எஸ்ஸெக்ஸில் ஒரு மரணம்

அந்தக் காலத்து இங்கிலாந்தின் மனநிலையை உணர்ந்தாலன்றி மேற்கொண்டு நடந்தது விளங்காது.

1995 நவம்பர் மாதத்தில், எஸ்ஸெக்ஸ் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், தன் பதினெட்டாம் பிறந்தநாளைக் கொண்டாடிய ஒரு பெண், எக்ஸ்டஸி என்னும் மாத்திரையை உட்கொண்டு, நினைவிழந்து, சில நாளில் மாண்டாள். மருத்துவமனைக் கட்டிலில் குழாய்களுக்கு நடுவே கிடந்த அவளுடைய படம் நாட்டின் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் வந்தது. அவள் சிரிக்கும் படத்தோடு எச்சரிக்கைப் பலகைகள் ஊர் ஊராக நிறுத்தப்பட்டன.

அந்தப் பெண்ணின் உயிரைக் குடித்தது மாத்திரை மட்டுமன்று என்பது விசாரணையில் தெரிந்தது. அந்த மாத்திரை விழுங்கியவர் நீர் அருந்த வேண்டும் என்று எங்கோ கேட்ட அரைகுறைப் புத்திமதியை நம்பி, அவள் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 7 லிட்டர் தண்ணீரைக் குடித்திருந்தாள். அதனால் மூளை வீங்கிப் போயிற்று. எச்சரிக்கைப் பலகைகளில் இந்த விவரம் இல்லை. பயம் பெரிய எழுத்தில் நின்றது. ஒரு பிள்ளையையேனும் காத்திருக்கக்கூடிய தகவல் சிறிய எழுத்தில்கூட இல்லை. இந்தத் தொடரை எழுதுவதற்காகப் பழைய விவரங்களைத் திரட்டியபோது என்னை வெகுநேரம் மேலே எழுத விடாமல் நிறுத்தி வைத்தது இந்தச் சம்பவம்தான்.

பெற்றோரின் பீதியில் போலி ஏதும் இல்லை. அந்தப் பீதியை எடுத்து வியாபாரமாக்கிய குரலில்தான் போலி இருந்தது. மாரிஸ் குறிவைத்தது அந்தக் குரலை.

*

கேக்

அடுத்த ஆண்டு, பிரமுகர்கள் பலருக்கும் கடிதங்கள் போயின. பிராகா நகரத்திலிருந்து ஒரு புதிய போதை மாத்திரை வருகிறது. அதன் பெயர் ‘கேக்’. அதை எதிர்க்கும் எங்கள் சங்கத்துக்காக ஓரிரு வார்த்தை பேச வேண்டும் என்று வேண்டுகோள். சங்கத்தின் பெயரிலுள்ள முதலெழுத்துக்களை மட்டும் எடுத்துச் சேர்த்தால் ஆங்கிலத்தில் சபையில் உச்சரிக்கத் தகாத ஒரு வார்த்தை வரும். அந்த முதலெழுத்துக்களைப் பிரமுகர்கள் காமிராவின் முன்னே நிறுத்தி நிதானமாகச் சொன்னார்கள்.

மாத்திரையைப் பாருங்கள். மஞ்சள் நிறம், வட்ட வடிவம், உள்ளங்கையில் அடங்காத பருமன். மனிதர் எவரும் விழுங்கக்கூடிய பொருள் அன்று அது. பெயருக்கேற்ப ஒரு கேக்கின் பரிமாணம். அதைக் கையில் ஏந்திக்கொண்டு, இதனால் நம் குழந்தைகள் மடிகிறார்கள் என்று சொன்னவர்களுக்கு, தம் கையிலிருப்பதைக் குனிந்து ஒருமுறை பார்க்கத் தோன்றவில்லை.

இது ‘மேட்-அப்’ மருந்து என்றும் அவர்கள் சொன்னார்கள். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு இரசாயனங்களைக் கூட்டிச் செய்தது என்று ஒரு பொருள். இட்டுக்கட்டியது என்பது அதைவிடப் பழக்கமான மற்றொரு பொருள். அதாவது உண்மை அவர்கள் வாயிலேயே வைக்கப்பட்டிருந்தது. அதைத் தாங்களே உச்சரித்தும் அவர்கள் காதில் அது விழவில்லை.

தொலைக்காட்சியில் குடும்பம் குடும்பமாக எல்லோருக்கும் பரிச்சயமான நோயல் எட்மண்ட்ஸ், இம்மருந்து மூளையில் ‘ஷாட்னரின் பாசூன்’ என்ற பாகத்தைத் தாக்கும் என்று விளக்கினார். ஷாட்னர் என்பவர் ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் நடிகர். பாசூன் என்பது மேல்நாட்டு ஊதுகுழல். மூளையில் அப்படி ஒரு பாகம் எந்த வைத்திய நூலிலும் இல்லை. அப்பாகம் தாக்குண்டால் காலப் பிரக்ஞை குலைந்து ஒரு நொடி ஒரு மாதம்போல் நீளும் என்றும், பிராகாவில் ஒரு பள்ளிச் சிறுவன் தெருவைக் கடக்கத் தனக்கு ஒரு மாத அவகாசம் இருக்கிறதென்று நினைத்து டிராம் வண்டியின் முன்னே நடந்துவிட்டான் என்றும் அவர் துயரம் தோய்ந்த முகத்துடன் கூறினார். விகட நடிகர் பெர்னார்ட் மானிங், ஒரு குழந்தை அழுது அழுது உடம்பிலுள்ள தண்ணீரையெல்லாம் வெளியேற்றிவிட்டது என்றும், அதன் தாயின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும் என்றும் கொதித்தார். கழுத்தில் நீர் கோத்து மூச்சடைக்கும் என்பது இன்னொரு செய்தி. முந்தைய ஆண்டு எஸ்ஸெக்ஸில் நடந்ததை அறிந்தவர்களுக்கு இந்த நீர்க் கதையின் வேர் எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

இவர்களுள் எவரும் கெட்டவர் அல்லர். பணத்துக்காக வந்தவர்களும் அல்லர். நல்ல காரியத்துக்குத் தம் முகத்தைக் கொடுக்கிறோம் என்று மெய்யாகவே நம்பி வந்தார்கள். அவர்களை அசைத்தது தகவல் அன்று, தொனி. இதைச் சொல்லும்போது எப்படி நிற்க வேண்டும், எந்த வார்த்தையில் குரல் தழுதழுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு முன்பே பாடம். அந்தப் பாடத்தைக் கற்பித்தவை பத்தாண்டுகளாக அவர்கள் பார்த்து வந்த மெய் நிகழ்ச்சிகள்.

*

1996 ஜூலை 23

இனி நாம் வந்து சேரும் இடம் பிரித்தானியப் பாராளுமன்றம்.

எஸ்ஸெக்ஸில் பாசில்டன் என்ற தொகுதி. அதன் உறுப்பினர் டேவிட் ஏமஸ், கன்சர்வேடிவ் கட்சியைச் சேர்ந்தவர். 1983 முதல் அத்தொகுதியின் பிரதிநிதி. அவரும் மஞ்சள் மாத்திரையை ஏந்திக் காமிராவின் முன் பேசினார். மற்றவர்கள் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஏமஸ் அவ்வளவில் நிற்கவில்லை. ஒரு தீமையை அறிந்தால் அதை அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டு போவதே மக்கள் பிரதிநிதியின் தர்மம் என்று கருதி, உள்துறை அமைச்சுக்கு எழுத்து மூலமாக வினாத் தொடுத்தார்.

அரசாங்கம் பதிலளித்தது. உள்துறைத் துணையமைச்சர் டாம் சாக்வில் பெயரில் வந்த அந்தப் பதிலில், ‘கேக்’ என வழங்கும் பொருளை இந்நாட்டில் எவரும் துஷ்பிரயோகம் செய்வதாகத் தகவல் ஏதும் இல்லை என்று தெரிவிக்கப்பட்டது. அதோடு நிற்காமல், மெய்யாகவே உள்ள ஓர் இரசாயனப் பொருளோடு அந்தப் பெயர் சேர்த்துச் சொல்லப்பட்டது. நாலைந்து பேர் ஓர் அறையில் உட்கார்ந்து இட்டுக்கட்டிய பெயருக்கு, ஒரு வல்லரசின் உள்துறை அமைச்சு உடலும் கொடுத்துவிட்டது.

பாராளுமன்ற நடவடிக்கைகளை வரிக்கு வரி பதியும் ஏட்டுக்கு ‘ஹான்சார்ட்’ என்று பெயர். யுத்தப் பிரகடனங்களும் சாம்ராஜ்யத்தின் சட்டங்களும் பதிந்திருக்கும் அதே ஏட்டில், 1996 ஜூலை 23-ஆம் தேதிக்குக் கீழே ‘கேக்’ இன்றும் அச்சில் இருக்கிறது.

வினாவுக்கும் விடைக்கும் நடுவே எத்தனை கைகள் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு குமாஸ்தா அதைப் பதிவு செய்திருப்பார்; ஓர் அதிகாரி குறிப்பெழுதியிருப்பார்; ஒரு மேலதிகாரி ஒப்பமிட்டிருப்பார். அப்படி ஒரு பொருள் உண்டா என்று அடிப்படையிலிருந்து கேட்டவர் அந்த வரிசையில் எவரும் இல்லை. கேட்காததற்குக் காரணம் மடமை அன்று. உரிய படிவத்தில், உரிய தொனியில், உரிய வாசல் வழியாக வந்த பொய்யைத் தடுக்கும் பொறி அந்த மாளிகையில் இல்லை. எந்த மாளிகையிலும் இல்லை என்பதே என் அபிப்பிராயம்.

*

தெருமுனையில்

அதே பகுதிக்காக எடுத்த வேறொரு காட்சியையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதைத் தனியே சிரித்துவிட்டுப் போகிறவர்கள் மாரிஸின் வாதத்தில் பாதியைத் தவறவிடுகிறார்கள்.

மேற்கு லண்டனில் மெய்யான போதைச் சரக்கு விற்கும் ஒருவனிடம் மாரிஸ் தாமே நடந்து போய், ‘டிரிபிள்-சாட்’ இருக்கிறதா, ‘கிளார்க்கி கேட்’ இருக்கிறதா, ‘யெல்லோ பென்டைன்’ கிடைக்குமா என்று கேட்கிறார். எல்லாம் புனைந்த பெயர்கள். விற்பவன் விழிக்கிறான். அப்படி எதுவும் தன்னிடம் இல்லை என்கிறான். மறுபடி மறுபடி கேட்கக் கேட்க அவனுக்கு எரிச்சல் ஏறுகிறது.

சட்டத்துக்குப் புறம்பான அவன் தன் சரக்கை அறிந்திருந்தான். இல்லாததை இல்லை என்றான். சட்டம் இயற்றும் சபையில் இருந்தவரால் அதைச் சொல்ல முடியவில்லை. இந்த இரண்டு காட்சிகளும் ஒரே அரை மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து வந்தபோது, ஆயிரம் தலையங்கங்கள் சொல்லாததை அவை சொல்லிவிட்டன.

*

ஏமாற்றியது தகுமா?

நல்லெண்ணத்தோடு வந்தவரை ஏமாற்றி நகைப்புக்கு இலக்காக்கியது தர்மமா என்று வாசகர்கள் கேட்பார்கள், கேட்க வேண்டும்.

ஏமஸ் அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகள் பொதுவாழ்வில் இருந்தார். 1997 தேர்தலில் சவுத்எண்ட் மேற்குத் தொகுதிக்கு மாறி வென்றார். 2015-இல் ‘சர்’ பட்டம் பெற்றார். அதே ஆண்டில் புதிய போதைப்பொருள்கள் பற்றிய மசோதாவை ஆராய்ந்த குழுவின் தலைமை நாற்காலியிலும் அமர்ந்தார். 2021 அக்டோபர் 15-ஆம் தேதி, தம் தொகுதி மக்களின் குறை கேட்க ஒரு தேவாலயத்தில் உட்கார்ந்திருந்தபோது கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். தம்மைத் தேடி வருகிறவரைச் சந்தேகிக்கத் தெரியாத குணம் அவருடைய குணம். 1996-இல் அவரை ஏமாறச் செய்ததும் அந்தக் குணத்தின் ஒரு கூறுதான். இதை அறிந்த பின்பு அந்தப் பழைய காட்சியைப் பார்த்து முன்போல் வாய்விட்டுச் சிரிக்க என்னால் முடியவில்லை.

ஆயினும், மாரிஸ் செய்தது சரி என்றே நான் எழுதுகிறேன். வீட்டுத் திண்ணையில் இருக்கும் ஒரு தனி மனிதரை அவர் ஏமாற்றவில்லை. கோடிப் பேர் நம்பும் முகமும், சட்டம் செய்யும் கையும் உள்ளவர்களைச் சோதித்தார். சோதனையில் தேறுவதற்குப் பாண்டித்தியம் வேண்டியதில்லை, ‘இது என்ன? யார் சொன்னது?’ என்ற இரண்டு கேள்விகள் போதும். ஒரு வைத்தியருக்குத் தொலைபேசியில் பேசியிருந்தால் அரை நிமிஷத்தில் ஷாட்னரின் பாசூன் மறைந்து போயிருக்கும். ஊரையே எச்சரிக்க முன்வருகிறவருக்கு அந்த அரை நிமிஷம் கடமை. அந்தக் கடமை தவறிய இடத்தில்தான், எஸ்ஸெக்ஸில் ஒரு பெண்ணுக்குத் தண்ணீரைப் பற்றிய உண்மை போய்ச் சேராமல் இருந்தது.

*

நவம்பரில் விழுந்த தடை

நிகழ்ச்சி 1996 நவம்பரில் ஒளிபரப்பாவதாக இருந்தது. அறிவிப்பு வந்துவிட்டது, பத்திரிகைகளுக்கும் செய்தி போய்விட்டது. ஏமாந்தவர்கள் தாங்கள் ஏமாந்ததை ஒவ்வொருவராக உணரத் தொடங்கினார்கள். அந்தச் சமயத்தில் மைக்கேல் கிரேட் நிகழ்ச்சியை நிறுத்தி வைத்தார்.

மாற்றானை வேலிக்கு வெளியே எதிர்பார்த்திருந்த மாரிஸுக்கு இது பேரிடி. தமக்கு வாசல் திறந்துவிட்ட நிறுவனத்தின் தலைவரே வாசலை மூடினார். வக்கீல்கள் வந்தார்கள், வெட்டும் திருத்தமும் நடந்தன, எது இருக்கலாம், எது கூடாது என்று வாரக்கணக்கில் வாதம் நடந்தது.

முடிவில் 1997 ஜனவரி 29-ஆம் தேதி முதற்பகுதி வெளிவந்தது. அடுத்த வாரம், பிப்ரவரி 5-ஆம் தேதி, மஞ்சள் மாத்திரையை நாடே கண்டது.

கிரேட் வெட்டச் சொன்ன ஒரு காட்சியை மட்டும் மாரிஸால் மறக்க முடியவில்லை. மார்ச் 5-ஆம் தேதி ‘சீரழிவு’ என்ற கடைசிப் பகுதி ஒளிபரப்பானது. தொலைக்காட்சியில் நொடிக்கு இருபத்தைந்து படங்கள் ஓடுகின்றன. அவற்றுள் ஒன்று தனித்து நின்றால் கண் அதைப் பிடிக்காது. அன்றிரவு ஓடிய ஆயிரமாயிரம் படங்களுக்கு நடுவே ஒரே ஒரு படத்தில் நான்கு ஆங்கிலச் சொற்கள் இருந்தன. அவற்றுள் முதற்சொல், ஒரு மனிதரின் பெயர்.

வெட்டப்பட்ட அந்தக் காட்சி எது? ஒளிபரப்பின் கடைசி இரவில், நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் மின்னி மறைந்த அந்த வாக்கியத்தால் விளைந்தது என்ன?

(அடுத்த வாரம்)